வாரத்துக்கு ஒன்றுதான்

அத்தியாயம் பதினொன்று

போன ஞாயிற்றுக்கிழமை மகளைப் பேருந்தில் ஏற்றிவிட்டுத் திரும்பியதிலிருந்து பல்லக்காவுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை.

"அப்பாவுக்கு வேற ஊருக்கு மாத்தல் வந்திருக்கும்மா. பரீட்சை முடிஞ்சதும் கிளம்பறாங்க. நான் எங்க இருக்கப்போறேன்னு நானே முடிவு பண்ணலாமாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள் மகள். ஒரு கால் படிக்கட்டில், ஒரு கால் தரையில். அப்படி நின்றுகொண்டு சொல்கிற விஷயமா அது? பதில் பேசுவதற்குள் கதவு மூடிக்கொண்டது.

வாரம் முழுக்கப் பல்லக்கா மகளுக்குப் போன் செய்யவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

அவள் பல் செட் கட்டுகிறவள். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அதற்கு மெழுகில் ஈறு படிய வைத்து, ஒவ்வொரு பல்லாகப் பொருத்தி, கடி சரிபார்த்து அனுப்புவது அவள் வேலை. அதனால் தெருவில் அவள் பெயரே பல்லக்கா ஆகிவிட்டது. "பல்லக்குல போற யோகந்தான் இல்ல, பல்லக்காங்கிற பேராவது கிடைச்சுதே" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

லிஃப்ட் பழுது பார்க்கும் கணவரைப் பிரிந்து நான்கு வருடம் ஆகிறது. அவர் இரண்டு வருடத்துக்கு முன் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். வந்தவள் மூட்டுவலி, முதுகுவலிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். பல்லக்கா வாயில் அவள் வெறும் 'பிசியோ'. மகளின் பள்ளிக்கூடம் அந்த வீட்டுக்குப் பக்கம் என்பதால் வாரநாள் எல்லாம் அங்கே. சனிக்கிழமை நாலு மணிக்கு அம்மா வீடு. ஞாயிறு மாலை திரும்பப் பேருந்து.

பதினாறு வயதுக்குள் கதவு நிலை உயரம் வளர்ந்துவிட்ட மகளை அவள் 'நெட்டை' என்றுதான் கூப்பிடுவாள்.

அந்தச் சனிக்கிழமைகளுக்கு இப்போது ஒரு முதுகெலும்பு இருந்தது. கப்பல் தொடர்.

நடுக்கடலில் ஒரு பயணிகள் கப்பல். கேப்டனைக் காணவில்லை. யார் என்ன செய்தார்கள் என்பதுதான் கதை. பத்து எபிசோடும் ஒரே நாளில் வந்து விழுந்துவிட்ட தொடர் அது. நினைத்தால் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். பல்லக்கா முதல் நாளே சட்டம் போட்டுவிட்டாள்: வாரத்துக்கு ஒன்றுதான்.

"ஒரே நாள்ல முழுங்கிட்டா அடுத்த சனிக்கிழமை எதுக்குடி வருவே?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். பாதி விளையாட்டு.

எபிசோடு போடுவதற்கு முன் ஆளுக்கொரு கணிப்பு சொல்ல வேண்டும். யார் கணிப்பு தப்போ அவர் பாத்திரம் கழுவ வேண்டும். முதல் இரண்டு வாரம் பல்லக்கா தோற்றாள். அதற்கப்புறம் ஐந்து வாரமாக ஜெயிப்பெல்லாம் அவள் பக்கமே. நெட்டை முழங்கை வரை நுரையோடு நிற்பாள்.

அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்ச நஞ்சம் இல்லை. இன்று காலைகூட பட்டறையில், எதிர் மேசையில் மெழுகு உருக்கிக்கொண்டிருந்த மெழுகண்ணனிடம் அளந்துகொண்டிருந்தாள்.

"இன்னைக்கு எட்டாவது. அந்த ரெண்டாம் மாலுமி பாக்கெட்டுல இருக்கிற சாவி யாரோடதுன்னு தெரிஞ்சுடும். நான் மூணாவதுலயே சொல்லிட்டேன், அவன் முழியே சரியில்லன்னு."

"நீ போலீஸ்ல சேந்திருக்கணும் பல்லக்கா."

"சேந்திருந்தா ஊரு பூரா பொக்கை வாயோட திரிஞ்சிருக்கும்."

மெழுகண்ணன் சிரித்தார். அவளும் சிரித்துக்கொண்டே, முடித்த பல் செட்டைப் பெட்டியில் வைத்து மூடினாள். பதினொரு மணிக்குள் டாக்டரிடம் கொடுக்க வேண்டும். ஒரு பெரியவர் மூன்று வாரமாகக் கஞ்சியே குடித்துக்கொண்டு இந்தப் பெட்டிக்காகக் காத்திருந்தார்.

பல் டாக்டரின் கிளினிக் இரண்டாவது மாடி. அதே கட்டிடத்தின் தரைத்தளத்தில்தான் பிசியோ வேலை செய்தாள். எத்தனையோ கட்டிடம் இருக்க, விதி போய் அங்கே வாடகை பேசியிருந்தது. அதனால் பல்லக்கா இரண்டு வருடமாக முன்வாசலை மிதித்ததே இல்லை. சந்துக்குள் நுழைந்து பின்பக்கப் படியில் ஏறிவிடுவாள். வேலைக்கு வேலையும் ஆயிற்று, மூஞ்சிக்கு மூஞ்சி பார்க்கவும் வேண்டாம்.

இன்று பின்பக்கப் படியில் கயிறு கட்டியிருந்தது. பெயின்ட் அடிக்கிறார்கள்.

வேறு வழியில்லாமல் முன்வாசலுக்கு வந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மாளின் முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்த பிசியோ, நிமிர்ந்து பார்த்துவிட்டாள். பார்த்ததோடு விட்டாளா? அந்த அம்மாளை எண்ணச் சொல்லிவிட்டு வாசலுக்கே வந்தாள்.

"அக்கா! வாங்க, வாங்க. மாடிக்கா?"

இந்த 'அக்கா'தான் பல்லக்காவுக்கு ஆகாது. தெருவே கூப்பிடுகிற அக்காதான். ஆனால் இவள் வாயிலிருந்து வரும்போது, சக்களத்திக்கு மரியாதை கொடுத்து ஓரமாக உட்கார வைக்கிற மாதிரி இருக்கும்.

"ஆமா. அவசரமா கொடுக்கணும்."

"இன்னைக்கு சனிக்கிழமையாச்சே. காலையிலேயே பையை எடுத்து வெச்சுட்டா. உங்க வீட்டுக்கு வர்றதுன்னா அவளுக்கு..." பிசியோ பாதியில் நிறுத்திக் கூந்தலைச் சரி செய்துகொண்டாள்.

கூந்தலில் ஒரு பச்சைக் கிளிப். ஓரத்தில் ஒரு பல் உடைந்தது. பல்லக்காவுக்குப் பல் விஷயத்தில் கண் தப்பாது. மகளின் பிறந்த நாளுக்கு அவள் வாங்கிக் கொடுத்த கிளிப் அது.

"இன்னைக்கு எத்தனாவது எபிசோடு அக்கா?"

"எட்டு."

"எட்டா! எப்படிக்கா தாங்கறீங்க? எங்களால முடியல. ஸ்கூல்ல தண்ணிக் குழாய் உடைஞ்சு ரெண்டு நாள் லீவு விட்டாங்கல்ல, அஞ்சாறு வாரத்துக்கு முன்னாடி? அப்ப உக்காந்தோம் பாருங்க. சோபாவுக்கு ஒரு ஓரத்துல அவ, ஒரு ஓரத்துல நான், நடுவுல ஒரே போர்வை. எழுந்திரிக்கவே இல்ல. ரெண்டே நாள்ல முடிச்சுட்டோம். அந்த டாக்டர் போய் கேப்டனை அப்படிப் பண்ணுவாருன்னு நான் சத்தியமா நினைக்கல."

சொல்லிவிட்டு, "அச்சச்சோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாயைத்தான் பொத்தினாள். கண்ணைப் பொத்தவில்லை. அந்தக் கண் பல்லக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சொல்லிட்டேனாக்கா? சாரிக்கா."

"அதனால என்ன? பல் செட் கட்டறவளுக்கு டாக்டருங்க சங்கதி தெரியாதா?"

எங்கிருந்து அந்த வார்த்தை வந்ததோ, நல்லவேளை வந்தது. அதை ஊன்றிக்கொண்டே இரண்டு மாடியும் ஏறினாள்.

மேலே பெரியவர் பல் செட்டைப் போட்டுக்கொண்டு பிஸ்கட்டைக் கடித்தார். டாக்டர் கண்ணாடியைக் காட்டினார். பெரியவருக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "இவங்கதான் செஞ்சாங்க" என்று டாக்டர் சொன்னதும் அவர் எழுந்து கும்பிட்டார். பல்லக்காவும் கும்பிட்டாள். வேறு நாளாக இருந்தால் அந்த ஒரு கும்பிடு ஒரு மாதத்துக்குத் தாங்கும். இன்று அது அவளுக்குள் இறங்கவே இல்லை.

அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது வேறு. மூன்றாவது எபிசோடில் விளக்கு அணைந்ததும் நெட்டை அவள் கையைப் பிடித்தாளே, அது? ஐந்தாவதில் "அம்மா, எனக்கு பயமா இருக்கு, நீ பார்த்துச் சொல்லு" என்று தலையணைக்குள் முகம் புதைத்தாளே, அது? எல்லாம் அந்தச் சோபாவில் ஒருமுறை நடந்து முடிந்ததா? அசல் அங்கே. இங்கே வந்தது அச்சில் ஊற்றி எடுத்த நகலா?

ஐந்து வாரம் தோற்றது?

அதை நினைத்தபோது நடுத்தெருவில் அவளுக்குக் காது மடல் வரை சுட்டது. மெழுகண்ணனிடம் அளந்ததெல்லாம் ஞாபகம் வந்தது. பிள்ளை பெரிய மனசு பண்ணி அம்மாவுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது. பாத்திரம் கழுவிய கையோடு அங்கே போய், "அம்மா இந்த வாரமும் ஜெயிச்சுட்டாங்க" என்று சொல்லிச் சிரித்திருக்குமோ? இருவருமாகச் சிரித்திருப்பார்களோ? ஒரே போர்வைக்குள்?

பல் செட் கட்டுகிறவள் பல்லைக் கடிக்கக் கூடாது என்பார் மெழுகண்ணன், தொழிலுக்கு ஆகாது என்று. வீடு வரும் வரை அவள் கடித்துக்கொண்டே வந்தாள்.

நாலு மணிக்கு நெட்டை வந்தாள். வழக்கம் போலக் கதவைத் தோளால் தள்ளி, பையை நாற்காலியில் எறிந்து, அம்மாவின் தலை உச்சியில் தாடையை வைத்து நின்றாள்.

"குள்ளச்சி, என்ன சமையல்?"

ஸ்வெட்டரில் அந்த வீட்டு சோப்புத்தூள் வாசனை. வாராவாரம் இருப்பதுதான். இன்று மூக்கில் குத்தியது.

"சூப்பும் ரொட்டியும். கிளிப்பு எங்க?"

"எந்த கிளிப்பு?"

"பச்சை."

"அங்க எங்கேயாவது கிடக்கும். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

தொடரைப் பற்றிப் பல்லக்கா கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றுதான் இருந்தாள். தானாகச் சொல்கிறாளா பார்ப்போம். சூப் குடிக்கும்போது பள்ளிக்கூடக் கதை வந்தது. சிநேகிதி ஒருத்தி முடியை ஒட்ட வெட்டிக்கொண்ட கதை வந்தது. குழாய் உடைந்த கதை வரவில்லை.

ஐந்து மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தார்கள்.

"முதல்ல நீ சொல்லு" என்றாள் அம்மா.

"சாவி சமையல்காரனோடது."

"போன வாரமும் அவனைத்தானே சொன்னே?"

"போன வாரம் தப்பு. இந்த வாரம் நிச்சயம். நீ?"

பல்லக்கா மகளைப் பார்த்தாள். கண் இமைக்காமல் பொய் சொல்ல எப்போது கற்றுக்கொண்டாள் இவள்? தொட்டிலில் கிடந்தபோது பசிக்கும் தூக்கத்துக்கும் வேறு வேறு அழுகை அழுதவள். அப்போதெல்லாம் பல்லக்காவுக்குத் தெரியாத சத்தம் அவளிடம் ஒன்றுகூட இல்லை.

"ரெண்டாம் மாலுமி" என்றாள்.

எபிசோடு தொடங்கியது. பல்லக்கா திரையைப் பார்க்கவே இல்லை. திரையின் வெளிச்சம் விழுந்த மகள் முகத்தைத்தான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். கப்பலின் மேல்தளம். கட்டிப்போட்ட உயிர்காக்கும் படகு. அதன் மேல் போர்த்திய துணியை ஒரு கை பற்றுகிறது.

"ஐயோ!" என்றாள் நெட்டை.

துணி இன்னும் விலகவில்லை. ஒரு நொடி கழித்துத்தான் விலகியது.

பல்லக்கா ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினாள்.

"என்னம்மா?"

"எதுக்கு ஐயோன்னே?"

"பயமா இருந்துச்சு."

"துணிக்கா?"

நெட்டைக்குக் கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது.

"அம்மா..."

"அஞ்சு வாரம்டி. அஞ்சு வாரமா என்னை உக்கார வெச்சு வேடிக்கை பார்த்திருக்கே."

"சித்தி சொல்லிட்டாங்களா?"

வீட்டில் எதுவும் விழவில்லை, எதுவும் உடையவில்லை. ஆனால் பல்லக்காவுக்கு அப்படித்தான் கேட்டது. இரண்டு வருடமாக 'ஆன்ட்டி'. எப்போது மாறியது? அந்தப் போர்வைக்குள் மாறியதா?

"சித்தியா?" என்றாள் மெதுவாக.

"இல்லம்மா, அது வந்து... வாய்ல வந்துடுச்சு."

"வாய்ல வர்றதுதான் மனசுல இருக்கும்."

"லீவு விட்டாங்க, வெளிய மழை, அவங்க ஒரு எபிசோடுன்னு போட்டாங்க. நிறுத்த முடியல. உங்கிட்ட சொன்னா நீ இப்படித்தான் ஆவேன்னு..."

"எப்படி ஆனேன்?"

"இதோ, இப்படி."

"முடிவு தெரிஞ்சுகிட்டே சமையல்காரன்னு சொல்றே. நான் ஜெயிச்சேன்னு குதிக்கறப்ப உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பே."

"முடிவு எனக்குத் தெரியாதும்மா. நான் சொல்றதைக் கேளு, பத்தாவது..."

"போதும்! இன்னும் ஒரு பொய் வேண்டாம்." அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "அங்க நல்ல சோபா இருக்கு, நல்ல போர்வை இருக்கு. வாராவாரம் ஒரு எபிசோடுக்காக இவ்வளவு தூரம் வந்து நடிக்கணுமா? அங்கயே இரு. எந்த ஊருக்கு வேணும்னாலும் போ."

சொல்லி முடித்த உடனே அந்தக் கடைசி வரியைத் திரும்ப விழுங்க வேண்டும் போல இருந்தது. ஆனால் கொட்டிய வார்த்தையை யார் அள்ளியிருக்கிறார்கள்?

நெட்டை அழவில்லை. நாற்காலியிலிருந்து பையை எடுத்தாள். ஷூவின் கயிற்றைக் கட்டக்கூட இல்லை. கதவைச் சத்தமில்லாமல் மூடிவிட்டுப் போனாள். அறைந்து மூடியிருந்தால் பல்லக்கா பின்னாலேயே ஓடியிருப்பாள்.

ஆறு மணி. ஞாயிறு மாலை காலியாக வேண்டிய வீடு சனிக்கிழமையே காலியாகிவிட்டது.

கொஞ்ச நேரம் சூப் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் ஒரு வெறி வந்தது. அவர்கள் மட்டும்தான் பார்ப்பார்களா? எனக்கு என்ன கண்ணில்லையா, டிவி இல்லையா? ரிமோட்டை எடுத்தாள். எட்டாவதின் மிச்சத்தை ஓடவிட்டாள். சட்டத்தை மீறி ஒன்பதாவதை அமுக்கினாள். விளக்குக்கூடப் போடாமல், பசி தாகம் பார்க்காமல் பார்த்தாள். பார்க்கப் பார்க்க வன்மம் ஏறியது. இதோ இந்த இடத்தில் இருவரும் கத்தியிருப்பார்கள். இதோ இங்கே நெட்டை பிசியோவின் தோளில் சாய்ந்திருப்பாள்.

ஒன்பது முடிந்தது. பத்து வினாடியில் அடுத்தது தொடங்கும் என்று திரை சொன்னது. தொடங்கட்டும் என்று விட்டாள்.

பிசியோ சொன்னது உண்மைதான். டாக்டர்தான். ஆனால் கடைசிப் பத்து நிமிடத்தில் ஏன் செய்தார் என்று வந்தது. அதை பிசியோ சொல்லியிருக்கவில்லை. பல்லக்கா எதிர்பாராத இடத்தில் அழுதுவிட்டாள். அழுதபோது பழக்கத்தில் கை பக்கத்து இடத்தைத் தடவியது. தலையணைதான் இருந்தது.

மணி எட்டுக்குப் பக்கத்தில் போன் அடித்தது. பிசியோ.

"அக்கா, அவகிட்ட கொஞ்சம் போனைக் குடுங்களேன். ஒரு மணி நேரமா அடிக்கிறேன், எடுக்கல."

பல்லக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். "அவ ஆறு மணிக்கே கிளம்பிட்டாளே. அங்க வரலையா?"

"இங்கயா? இன்னைக்கு சனிக்கிழமையாச்சே!" மறுமுனையில் மூச்சு வாங்கும் சத்தம். "சண்டையா? நான் காலையில உளறினதாலயா?"

பல்லக்கா எழுந்து விளக்கைப் போட்டாள்.

"உளறலைக்கா. வேணும்னேதான் சொன்னேன்." பிசியோவின் குரல் உடைந்தது. "எல்லாத்தையும் என்னோட பார்த்தா. ஒன்பதாவது முடிஞ்சதும் எழுந்துட்டா. பத்தாவதை அம்மாவோடதான் பார்ப்பேன், அதை மட்டும் தொட மாட்டேன்னு போய்ப் படுத்துட்டா. எவ்வளவோ கூப்பிட்டேன். ரெண்டு நாள் பக்கத்துலயே உக்காந்திருந்தவ நான். கடைசியில நான் தனியா உக்காந்து பார்த்தேன். எனக்கு மட்டும் வயித்தெரிச்சல் இருக்காதாக்கா?"

பல்லக்கா எதிரே இருந்த திரையைப் பார்த்தாள். பத்தாவது எபிசோடின் பெயர்ப் பட்டியல் கீழிருந்து மேலே ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்க வீட்லயே இருங்க, அங்க வந்தாலும் வருவா. நான் பஸ் ஸ்டாப்புக்குப் போறேன்" என்றாள். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டுதான் படியிறங்கினாள்.

நிறுத்தத்தில் யாரும் இல்லை. அந்த வீட்டுப் பக்கம் போகும் பேருந்து ஒன்று வந்து, நின்று, போனது. அடுத்து ஒன்று. மகளின் எண்ணை எத்தனை முறை அமுக்கினாள் என்று அவளுக்கே கணக்கில்லை. அப்போது எதிர்ச் சாரியில் ஒரு பேருந்து வந்து நின்றது. அதிலிருந்து நெட்டை தலையைக் குனிந்து இறங்கினாள். ஷூ கயிறு இன்னும் கட்டாமலே இருந்தது.

பல்லக்கா சாலையைக் கடந்து ஓடினாள். ஒரு கார்க்காரர் திட்டிக்கொண்டே போனார்.

"எங்கடி போனே?"

"அந்த வீட்டு வாசல் வரைக்கும் போனேன். மணி அடிக்கல. திரும்பி வந்துட்டேன்." நெட்டை கீழே பார்த்துக்கொண்டே சொன்னாள். "அம்மா, நான் பத்தாவது பார்க்கல. சத்தியமா."

"தெரியும். உன்..." அந்த வார்த்தையைத் தள்ளித்தான் வெளியே அனுப்ப வேண்டியிருந்தது. "உன் சித்தி போன் பண்ணாங்க. நீ வந்துட்டேன்னு அவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிடு."

நெட்டை நிமிர்ந்து பார்த்தாள். போனில் நாலு எழுத்து தட்டினாள். அப்புறம், "அப்ப வா. எட்டோட மிச்சமும் ஒன்பதும் பத்தும் இன்னைக்கே பார்த்துடலாம். சட்டமெல்லாம் வேண்டாம்" என்றாள்.

சொல்லாமல் இருந்துவிடலாம். உட்கார்ந்து, பதற வேண்டிய இடத்தில் பதறி, இரண்டு மணி நேரம் ஓட்டிவிடலாம். மகள் ஐந்து வாரம் செய்ததுதானே?

"நான் பார்த்துட்டேன்டி."

"எதை?"

"எல்லாத்தையும். நீ போனதும்."

நெட்டை அப்படியே நின்றாள். அவள் இறங்கிய பேருந்து கிளம்பிப் போன பிறகும் நின்றாள்.

"அஞ்சு வாரம் வெச்சிருந்தேன்மா" என்றாள். அவ்வளவுதான். அப்போதுதான் அழுதாள், அத்தனை உயரமும் மடங்கி, அம்மாவின் தோளில்.

பல்லக்கா அவள் முதுகைத் தடவினாள். "தப்புதான்" என்றாள். "பொறாமையில பண்ணிட்டேன். அவங்க மட்டும்தான் உன்னோட எல்லாத்தையும் பார்க்கணுமான்னு."

தோளுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "நல்லா இருந்துச்சா?"

"அது வந்து..."

"சொல்லாத! ஒண்ணும் சொல்லாத. மூஞ்சியையும் அப்படி வெச்சுக்காத, எல்லாம் மூஞ்சியிலேயே தெரியுது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பசிக்குது."

வீட்டுக்கு வந்து மிச்ச சூப்பைச் சூடு பண்ணிக் குடித்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஒன்பதாவதை இருவருமே பார்த்தாயிற்று, தனித்தனியாக. நேரே பத்தாவதைப் போட்டாள் நெட்டை.

"சமையல்காரன்தான். இந்தத் தடவை நிஜமாவே நினைக்கிறேன்."

"நான்..."

"உனக்கு ஆட்டம் கிடையாது. சும்மா உக்காரு."

பல்லக்கா சும்மா உட்கார்ந்தாள். ஒரு மணி நேரத்துக்கு முன் பார்த்த அதே காட்சிகள். எங்கே கதவு திறக்கும், எங்கே விளக்கு அணையும் எல்லாம் தெரியும். அதனால் திரையைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மகளைப் பார்த்தாள். "அவனை நம்பாத, நம்பாத" என்று நெட்டை தவறான ஆளைப் பார்த்து முணுமுணுத்தபோது பல்லக்காவுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். இன்னும் இரண்டு நிமிடத்தில் நீ துள்ளிக் குதிப்பாய் பார் என்று நினைத்தபோது, மகள் துள்ளுவதற்காகத் தானே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இப்படித்தான் இவளும் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாளா?

நெட்டை துள்ளினாள். அம்மாவின் கையை இறுகப் பிடித்தாள். நாலு நகமும் பதிந்தது. வலித்தது. போன வாரங்களில் பிடித்தபோது இப்படி வலிக்கவில்லை. மூன்றிலிருந்து ஒன்பது வரை இந்த நகம் வேறொரு கையில் பதிந்திருக்கும். நினைத்ததும் வயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் எழுந்து உட்கார்ந்தது. அது எங்கேயும் போய்விடவில்லை. ஆனாலும் கையை விலக்கவில்லை அவள்.

நெட்டையின் போன் ஒளிர்ந்தது. மேசை மேல் கிடந்ததால் பல்லக்கா கண்ணிலும் பட்டது. 'அம்மாகிட்ட சொன்னியா?' அனுப்பியவர் பெயர் இருந்த இடத்தில் 'சித்தி'.

நெட்டை ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினாள். திரையில் கேப்டனின் அறைக்கதவு பாதி திறந்தபடி உறைந்து நின்றது.

"என்கிட்ட என்னடி சொல்லணும்?"

"எங்க இருக்கப்போறேன்னு. நேத்து அப்பாகிட்டயும் அவங்ககிட்டயும் சொல்லிட்டேன். உங்கிட்டதான் நேர்ல சொல்லணும்னு வெச்சிருந்தேன். ஆறு மணிக்கு நீ விடல."

அவர்களிடம் முதலில் சொல்லியிருக்கிறாள். இதிலும் அங்கேதான் முதலில். பல்லக்கா மகளின் முகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தேடினாள். இவ்வளவு கிட்டத்தில் இருந்தும் படிக்க முடியவில்லை.

"இது முடிஞ்சதும் சொல்றேன்மா. இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு."

நெட்டையின் விரல் ரிமோட்டின் பொத்தானுக்குப் போனது. பல்லக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன்பதாவதை ஒரு தடவை சேர்ந்து பார்த்துட்டு, அப்புறம் இதைப் பார்க்கலாமா?" என்றாள்.